கை தேடியது, கால் கண்டது

அப்பாவின் தேக்கு மேசைக்குப் புதிதாகப் பாலிஷ் போட ஆள் வந்திருந்தார். உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே வந்தவர், முன்விளிம்புக்கு வந்ததும் கையை நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இங்க ஏதாச்சும் மிஷின் மாட்டியிருந்தீங்களா? மரம் நல்லா அழுந்தியிருக்கு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

"ஸ்டீயரிங் மாட்டியிருந்தேன்."

"கார் ஸ்டீயரிங்கா? மேசையிலயா?"

கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுவதற்கென்றே ஸ்டீயரிங் வருகிறது, அதைக் கிளாம்ப் போட்டு முடுக்கினால் மரத்தில் இப்படிப் பதியும் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, சாயம் ஏற்றி, தழும்பு இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டார். கைதேர்ந்த வேலை. ஆனால் அவர் விரல் அங்கே நின்ற அந்த நிமிஷத்தில் எனக்குள் பழைய வருஷங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரத் தொடங்கிவிட்டன.

சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்த கடைசித் தலைமுறை எங்களுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. என் மாமா ஜி.பி. ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பந்தய நாட்களில் அவர் முதலாளியோடு அங்கே போய்விடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளாக இருந்தால் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வார். பந்தய இன்ஜினுக்கு அந்நாளில் விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆயில் ஊற்றுவார்கள். அது எரிந்து வரும் வாசனையை ஒரு தரம் முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பின்னால் பந்தயமெல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அங்கே முறையான டிராக், முறையான வேலி எல்லாம் உண்டு. அந்த வாசனை மட்டும் இல்லை.

ஓடுதளம் ஆதலால் நீண்ட நேர்ப்பாதை. அது முடியும் இடத்தில் கார்கள் அத்தனை வேகத்தையும் இறக்கியாக வேண்டும். மாமா என்னை அங்கேதான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். "நேரா போறப்போ எல்லாரும் ஒண்ணுதான்டா. மிதிச்சா ஓடும். எவன் ஓட்டத் தெரிஞ்சவன்னு பிரேக் போடற எடத்துல பாரு" என்பார். மெக்கானிக்குகள் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். காரை அக்கக்காகக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் ஓட்டியவர்கள் சமஸ்தானத்துக்காரர்களும் தொழிலதிபர்களின் பிள்ளைகளும்தான். மாமா ஆயுள் முழுக்கப் பந்தயக் கார்களோடு இருந்தவர். ஒரு பந்தயத்திலும் ஓட்டியதில்லை. அப்படி ஓர் ஆசை இருந்ததாக அவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

கல்லூரி நாட்களில் கம்ப்யூட்டர் வந்தது. ஊரே 'நீட் ஃபார் ஸ்பீட்' விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு நண்பன் வீட்டில் ஜெஃப் கிராமண்ட் என்ற ஆங்கிலேயர் செய்த 'கிராண்ட் பிரீ 2' கிடைத்தது. 1994ஆம் வருஷத்து ஃபார்முலா ஒன் பந்தயங்கள் அத்தனையும் அதில் இருந்தன. முன் இறக்கையின் கோணம், பின் இறக்கையின் கோணம், கியர் விகிதம் என்று எல்லாவற்றையும் நாமே மாற்றலாம். இறக்கையைச் சாய்த்தால் வளைவில் கார் தரையைப் பிடிக்கும், நேர்ப்பாதையில் மூச்சு வாங்கும் என்பதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அந்த விளையாட்டில்தான் கற்றேன். ஆனால் ஓட்டியது கீபோர்டில். இடது அம்பை அழுத்தினால் முழு இடது, விட்டால் நேர். நடுவே இருப்பதையெல்லாம் விளையாட்டே ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

1998இல் வந்த 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' அந்த ஊகத்துக்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. பாப்பிரஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் டேவ் கேமர் தலைமையில் செய்தது. 1967ஆம் வருஷத்துக் கார்கள்: இறக்கை கிடையாது, டயர் ஒல்லி, இன்ஜினோ மூர்க்கம். கீபோர்டில் முதல் வளைவைத் தாண்டுவதே பெரும்பாடு. இன்றைக்கு ஆன்லைன் பந்தயத்தில் முன்வரிசையில் நிற்கும் 'ஐரேசிங்' அதே கேமர் பின்னாளில் தொடங்கியது. 'லெஜண்ட்ஸ்' அன்று நிறைய விற்கவில்லை என்பார்கள். இருக்கட்டும், ஸ்டீயரிங் இல்லாமல் இந்த உலகத்துக்குள் நுழைய முடியாது என்று என் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

முதல் ஸ்டீயரிங் அமெரிக்காவிலிருந்து அண்ணனின் சூட்கேஸில், சட்டைகளுக்கு நடுவே சுற்றி வந்தது. லாஜிடெக் மோமோ. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 240 டிகிரி மட்டுமே திரும்பும். நம் வீட்டுக் காரில் இரண்டரைச் சுற்றுக்கு மேல் திருப்பிப் பழகிய கைக்கு அது போதாதுதான். ஆனாலும் அதற்குள் ஒரு மோட்டார் இருந்தது. கார் வளைவில் சாயும்போது ஸ்டீயரிங் கையை எதிர்த்துத் தள்ளும். முன்சக்கரம் பிடியை இழந்ததும் அந்த எதிர்ப்பு சட்டென்று இளகும். முதல்முறை அது இளகியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. படத்தில் கார் வழுக்குவதைக் கண் பார்ப்பதற்கு ஒரு கணம் முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் மேசையில் முதல் ஜோடித் தடம் பதிந்தது அப்போதுதான்.

அந்தக் காலத்து இணைய வேகத்துக்குப் பெரிய விளையாட்டு எதையும் இறக்க முடியாது. எங்களைக் காப்பாற்றியது 'லைவ் ஃபார் ஸ்பீட்'. மூன்றே பேர் சேர்ந்து செய்தது, இறக்குவதற்குச் சின்னது. இலவசப் பதிப்பில் பிளாக்வுட் என்ற ஒரே களமும் சில கார்களும் உண்டு. அதிலேயே ஆன்லைனில் பந்தயமும் ஓட்டலாம். பின்லாந்துக்காரர், துருக்கிக்காரர், போலந்துக்காரர் என்று யார் யாரோ வந்து சேர்வார்கள். டயர் எந்த ஓரத்தில் சூடாகிறது, பிரேக்கைப் பூட்டியதால் எந்த இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டது என்பதையெல்லாம் படம் போட்டுக் காட்டும். தட்டையான டயரோடு ஓட்டினால் ஸ்டீயரிங் தடதடவென்று அதிரும். அத்தனை சின்ன விளையாட்டுக்குள் அவ்வளவு நேர்மையான பௌதிகத்தை அடைத்து வைத்த அந்த மூவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மின்வெட்டுக் காலமும் அதுதான். கடைசிச் சுற்றில் இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருப்போம், தெருவே இருண்டுவிடும். யூபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கும், மோடம் அணைந்துவிடும். பிறகு மோடத்துக்கும் ஒரு யூபிஎஸ் வாங்கினோம். இன்றைய பிள்ளைகளிடம் பந்தயக் கருவிகளின் பட்டியல் கேட்டால் அதில் யூபிஎஸ் இருக்காது. எங்கள் பட்டியலில் அதுதான் முதலாவது.

அடுத்து வந்தது லாஜிடெக் ஜி27. 900 டிகிரி, சரியாக இரண்டரைச் சுற்று. மூன்று மிதிகள், பக்கத்தில் கியர் தண்டு. மேசையில் இரண்டாம் ஜோடித் தடம் அதனுடையது. உள்ளே மோட்டாரின் விசையைப் பல்சக்கரங்கள்தான் ஸ்டீயரிங்குக்குக் கடத்தும். களத்தின் ஓரத்தில் சிவப்பு வெள்ளை அடித்த மேட்டின் மேல் சக்கரம் ஏறினால் போதும், பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் மேசை வழியாகத் தரைக்கு இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். ஐரோப்பியர்களோடு ஓட்டுவதென்றால் நமக்கு நள்ளிரவு. கீழ்வீட்டுப் பாட்டி ஒருநாள் காலையில் படியேறி வந்து என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு அம்மியில மொளகா அரைக்கிற மாதிரி கேக்குதே, யாரு அரைக்கிறா?" அன்றைக்கே மேசைக்கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். பாட்டிக்கு என்ன என்று காட்டவும் செய்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு ஆடுதேப்பா" என்று சிரித்தார்.

பல்சக்கரத்துக்கு அடுத்த தலைமுறை பெல்ட். சத்தம் குறைவு, அசைவு வழுவழுப்பு. அதற்கும் அடுத்தது, மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கை நேராகப் பொருத்திவிடும் டைரக்ட் டிரைவ். நடுவில் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஜி27 போன்றவற்றின் முறுக்கு விசை இரண்டு நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும். 2021இல் ஃபனாடெக் கொண்டுவந்த விலை குறைந்த டைரக்ட் டிரைவில் 5. கூடுதல் மின்பெட்டி போட்டால் 8. சிமுக்யூப், ஃபனாடெக் ஆகியவற்றின் பெரிய மாடல்களில் 25ம் அதற்கு மேலும் உண்டு. 25 வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சுவரில் மோதும்போது கையை எடுக்காவிட்டால் மணிக்கட்டு போய்விடும். அவரே அதைப் பாதியாகக் குறைத்து வைத்துத்தான் ஓட்டுகிறார்.

பலம் எதற்கு என்றால், நுணுக்கத்துக்கு. விளையாட்டு அனுப்பும் விசை மோட்டாரின் எல்லையைத் தாண்டினால், தாண்டியதெல்லாம் வெட்டுப்பட்டு ஒரே மட்டமாகிவிடும். இதை கிளிப்பிங் என்பார்கள். வேகமான வளைவில் ஸ்டீயரிங் கல்லாக இறுகி நிற்கும், ஆனால் டயர் என்ன சொல்கிறது என்பது கைக்கு வராது. சிறிய ஸ்டீயரிங் வைத்திருப்பவர்கள் விசையைக் கூட்டக் கூட்ட நல்லது என்று நினைப்பார்கள். குறைத்தால்தான் பேசும். என் அனுபவத்தில் வீட்டுக்கு 8 தாராளம்.

மேசையை விட்டு இறங்கிய கதை புதுப்பேட்டையில் தொடங்குகிறது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் நாற்காலி பின்னால் போகும். பீரோவை முட்டுக் கொடுத்தும் பார்த்தாயிற்று. கார் சீட்டே வாங்கிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். கழற்றிய கதவுகளும் பம்பர்களும் இருபுறமும் அடுக்கிய சந்தில், ஒரு கடைக்காரர் நிமிர்ந்து கேட்டார்.

"எந்த வண்டிக்கு தம்பி?"

"வண்டி இல்லண்ணே. வீட்டுல கம்ப்யூட்டருக்கு முன்னாடி வைக்க."

அவருக்கு அது வியப்பாகவே இல்லை. "ரெண்டு பேரு வந்து வாங்கிட்டுப் போயிருக்காங்க. எஸ்டீம் சீட்டு இருக்கு, ரெயிலோட எடுத்துக்கோ. அப்பதான் முன்ன பின்ன தள்ளலாம்" என்றார். பேரம் பேசி, ஆட்டோவில் ஏற்றி, நேராக எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மேலைநாட்டில் இதற்கென்றே அலுமினியச் சட்டங்கள் விற்கிறார்கள். அலன் கீ இருந்தால் போதும், வேண்டிய உயரத்துக்கு நகர்த்தி முடுக்கிக்கொள்ளலாம். எங்களுக்குச் சதுர இரும்புப் பைப்தான். பட்டறைக்காரர் என்னை உட்கார வைத்தே அளவெடுத்தார். மிதியைத் தாங்கும் பலகைக்கு மட்டும் அடியில் குறுக்கே இன்னொரு பைப் வைத்துப் பற்றவைத்தார். "கால் ஒதைக்கிற எடம் சார், சும்மா விட்டா ஆடும்." அவர் எந்தப் பந்தய விளையாட்டையும் பார்த்தவரல்ல. ஆனால் கணக்கு சரி. பட்டறையில் அவர் பையன், ஏழாவதோ எட்டாவதோ படிப்பவன், அந்தச் சட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை.

அது வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மாமா வந்திருந்தார். எழுபது தாண்டிவிட்ட வயது, முட்டி வலி. "உக்காந்து பாருங்க மாமா" என்றேன். 'அசெட்டோ கோர்சா' போட்டேன். ரோமுக்குப் பக்கத்தில் வல்லேலுங்கா பந்தயக் களத்திலேயே அலுவலகம் வைத்திருந்த குனோஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. அதில் 1967ஆம் வருஷத்து லோட்டஸ் 49 உண்டு. 1966ஆம் வருஷத்து மோன்சா களமும் உண்டு. பந்தய வீரர் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் என்றதும் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் அந்தக் காரின் படத்தை வெட்டி ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர் அவர்.

முதலில் மெதுவாகப் போனார். பிறகு வேகம் பிடித்தார். பின்சக்கரம் விலகியபோது காரைத் தொலைத்தார். மறுபடி கிளம்பினார். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னார்: "வண்டி பின்னாடி வழுக்கறப்போ இடுப்புக்குத் தெரியணும்டா. இதுல கைக்குத்தான் தெரியுது. இடுப்பு சும்மா உக்காந்திருக்கு." பிறகு, "பிரேக்கு என்ன இது, அமுக்கிக்கிட்டே போகுது. எங்க பிடிக்குதுன்னே தெரியல."

வருஷக்கணக்கில் நான் தேடிக்கொண்டிருந்த இரண்டு விஷயங்களை ஒரு பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். முதலாவதற்கு வீட்டில் மலிவான மருந்தில்லை. நிஜக் காரில் பின்பகுதி விலகுவதை உடம்பு முதலில் உணரும். இங்கே ஸ்டீயரிங்கின் விசையையும் டயரின் ஓசையையும் கொண்டே அதை ஊகிக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் அதிர்வுப் பெட்டி பொருத்துகிறார்கள், சீட்டையே ஆட்டும் மோட்டார்கள் வைக்கிறார்கள். அவற்றின் விலைக்கு நல்ல பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம்.

இரண்டாவதற்கு மருந்து இருந்தது. சாதாரண மிதிக்குள் இருப்பது மிதி எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும் ஒரு சின்ன உறுப்பு. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருப்பதும் அதே உறுப்புதான். ஆனால் நிஜக் காரில் பிரேக் அப்படி வேலை செய்வதில்லை. பட்டை டிஸ்க்கைத் தொட்ட பிறகு மிதி ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு மேல் பேசுவது காலின் அழுத்தம்தான். தூரத்தைக் கால் சரியாக நினைவில் வைப்பதில்லை, அழுத்தத்தை வைக்கும். லோடு செல் என்ற உறுப்பு வைத்த மிதி இந்த அழுத்தத்தை அளக்கிறது. உள்ளே ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அந்த வளைவு மின்சாரக் கணக்காக மாறும். எடைபோடும் எலெக்ட்ரானிக் தராசில் இருப்பதும் இதுவே.

அந்த மிதியை வாங்கி மாட்டிய வாரத்தில் என் ஓட்டமே மாறிவிட்டது. ஒரேயடியாக வேகம் கூடியது என்று சொல்லமாட்டேன். சுற்றுக்குச் சுற்று நேரம் ஒன்றுபோல வரத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரே இடத்தில் மிதித்து, ஒரே அழுத்தம் கொடுத்து, வளைவுக்குள் நுழையும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தளர்த்துவது கைவசமாயிற்று. சோழவரத்தில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் மாமா எதைப் பார்க்கச் சொன்னார் என்பது அப்போதுதான் என் காலுக்குப் புரிந்தது. அதற்கு முன் நான் செலவழித்ததெல்லாம் ஸ்டீயரிங்கில்.

காசே செலவாகாத ஒரு மாற்றமும் உண்டு; அதைச் சொல்லாமல் விடக்கூடாது. திரையில் காட்சி எத்தனை டிகிரி அகலத்துக்குத் தெரிய வேண்டும் என்று விளையாட்டில் ஒரு எண் இருக்கும். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அதற்கு 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கணக்குப்படி 53 டிகிரி. பெரும்பாலான விளையாட்டுகள் இதைவிட அகலமாக வைத்துத் தருகின்றன. அகலமாக வைத்தால் வேகம் அதிகமாகத் தோன்றும், வளைவு தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பும், பிரேக் தாமதமாகும். சரியான எண்ணை வைத்தால் முதலில் சன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல் மூச்சு முட்டும். பொறுத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் தூரம் எல்லாம் தன் நிஜ அளவுக்கு வந்துவிடும். மூன்று திரை வைப்பவர்களும், கண்ணில் வீஆர் கருவி மாட்டிக்கொள்பவர்களும் இந்த இடுக்கிலிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

எந்த விளையாட்டு உசத்தி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. 'ரேஃபேக்டர் 2'இல் பந்தயம் நடக்க நடக்கத் தார்ச்சாலையில் ரப்பர் படிந்து பிடி கூடும், மழை பெய்தால் கார்கள் ஓடிய தடம் முதலில் காயும். 2019இல் முழுமையாக வந்த 'அசெட்டோ கோர்சா கம்பெட்டிஸியோனே'யில் இரவும் மழையும் ஜிடி3 கார்களின் எடையும் அபாரம். பழைய 'அசெட்டோ கோர்சா'வில் மழை இல்லை. ஆனால் ரசிகர்கள் சொந்தமாகச் செய்து சேர்த்த கார்களுக்கும் களங்களுக்கும் கணக்கில்லை. வாங்கும் காசுக்கு இதைப்போல் தந்த விளையாட்டு வேறில்லை. 2008இல் தொடங்கிய 'ஐரேசிங்'கில் களங்களை லேசர் வைத்து அளந்து, மேடு பள்ளம் பிசகாமல் வைத்திருக்கிறார்கள். அதற்கு மாதச் சந்தா, அதன் மேல் ஒவ்வொரு காருக்கும் களத்துக்கும் தனி விலை. நம் ஊர்ச் சம்பளத்துக்கு அது கனம்தான்.

கனம் என்று தெரிந்தும் பலர் அங்கே போவதற்குக் காரணம் உண்டு. சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். 'ரூக்கி' உரிமத்தில் தொடங்கி டி, சி, பி, ஏ என்று ஏற வேண்டும். களத்தை விட்டு வெளியே போனால் ஒரு புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் இரண்டு, இன்னொரு காரோடு பலமாக மோதினால் நான்கு. யார் மேல் தப்பு என்ற விசாரணையே இல்லை, மோதிய இருவருக்கும் நான்கு. முதலில் எனக்கு அது அநியாயமாகப் பட்டது. சில மாதம் ஓட்டிய பிறகு, முன்னால் போகிறவன் தடுமாறப்போகிறான் என்பதை இரண்டு வளைவுக்கு முன்பே கவனிக்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது. நம் சாலைகளில் கார் ஓட்டும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. ஆகவே அது அநியாயம் அல்ல என்பதே என் முடிவு.

இன்னொரு விஷயம் நமக்கு மட்டும் உரியது: தூரம். ஐரோப்பாவில் இருக்கும் சர்வருக்கு நம் வீட்டிலிருந்து செய்தி போய்த் திரும்ப 150 மில்லி விநாடி ஆவது சாதாரணம். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அதற்குள் எட்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பக்கத்தில் ஓடுகிறவனின் காரை விளையாட்டு ஊகித்துத்தான் காட்டுகிறது. அதனால் வெளிநாட்டவரோடு ஓட்டும்போது ஒரு கை அகலம் கூடுதலாக இடம் விட்டு ஓட்ட நாங்கள் எல்லோரும் பழகிக்கொண்டோம்.

ஊரடங்குக் காலத்தில் உலகமே எங்கள் அறைக்குள் வந்தது. நிஜப் பந்தயங்கள் நின்றுபோக, 2020 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே 'ரேஃபேக்டர் 2'இல் நடத்தினார்கள். 50 கார்கள், 200 ஓட்டுநர்கள், அவர்களில் ஃபார்முலா ஒன்னில் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். மாக்ஸ் வெர்ஸ்டப்பனும் லாண்டோ நோரிஸும் தங்கள் வீட்டில் உட்கார்ந்து ஓட்டினார்கள். என் மகள் அப்போதுதான் என் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கினாள். முன்பு "அப்பா விளையாடறாரு" என்று சொன்ன உறவினர்கள் அந்த வருஷத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2024 ஆகஸ்ட் முடிவில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றித் தெருவிலேயே, இரவு விளக்கில், கார்ப் பந்தயம் நடந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போய்ப் பழகிய சாலையில் ஃபார்முலா 4 கார்கள் பறந்தன. கூட்டம் நேர்ப்பாதைப் பக்கம் நெருக்கியது. அவள் என் கையைப் பிடித்து இழுத்து, நேர்ப்பாதை முடியும் இடத்துக்குப் போகலாம் என்றாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. லோடு செல் மிதி சொல்லிக்கொடுத்திருக்கிறது.

நிஜப் பந்தயம் இன்றும் லட்சங்கள் இருப்பவர்களுக்குத்தான். நம் ஊரில் அதற்காகப் பாடுபட்டவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் கட்டினார். ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயனும் இளமையில் அந்த ஃபார்முலா மாருதியை ஓட்டியவர்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனாலும் ஒரு மெக்கானிக்கின் பிள்ளை, ஒரு வெல்டரின் பிள்ளை பந்தயத்தில் ஓட்டுவதென்றால் இன்றைக்கு இருக்கும் மலிவான வழி இந்த ஸ்டீயரிங்கும் மிதியும்தான்.

என் ஜி27 இப்போது அந்த வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. பையன் கல்லூரிக்குப் போகிறான். அப்பாவோடு சேர்ந்து தானே ஒரு சட்டம் பற்றவைத்துக்கொண்டான். பல்சக்கரம் இன்னும் கடகடக்கிறது. பிரேக் மிதி குதித்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே தூசிதான். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்ததும் சரியாகிவிட்டது. போன வாரம் ஆன்லைனில் என்னை முந்திக்கொண்டு போனான். பிரேக் போட்ட இடத்தில் முந்தினான்.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: முதலில் நகராத இருக்கை, அடுத்து நல்ல பிரேக், மிச்சம் இருந்தால் ஸ்டீயரிங். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்டீயரிங் ஒன்று அட்டைப்பெட்டியோடு கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் எடை போடாதீர்கள். இறக்கித் துடைத்து, மிதிக்குள் இருக்கும் தூசியை எடுத்து, தெருவில் கார் சத்தம் கேட்டால் ஓடிவந்து நிற்கிற ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.